"அன்னைக்கு நான் ஊர்லயே இல்லை" – சொன்னால் போதுமா?



நம் கெங்கவல்லி, தம்மம்பட்டி, வீரகனூர் பக்கத்திலிருந்து வெளிநாட்டு வேலைக்குப் போய் வருபவர்கள் உண்டு. அப்படிப் போய் வந்த ஒரு அக்காவை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். குவைத்தில் 2 வருடம் வீட்டு வேலை செய்துவிட்டு ஊர் திரும்பினார். மறுபடியும் குழுவில் சேர்ந்தார். மாடு வாங்கக் கடன் கேட்டு வங்கிக்குப் போனால், "உங்க பேர்ல ஏற்கெனவே 40,000 ரூபாய் பாக்கி இருக்கும்மா" என்கிறார்கள். அக்காவுக்குத் தலை சுற்றியது. "சார், அப்ப நான் குவைத்துல இருந்தேனே!" "சரிம்மா, அதுக்கு ஆதாரம் என்ன?"

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால் பாதி வழி கடந்த மாதிரி.

பெரியவர்களுக்கும் நடக்கிறது

இது ஏழைகளுக்கு மட்டும் வரும் கஷ்டம் இல்லை. தன் பான் அட்டையை வைத்து யாரோ 2,500 ரூபாய் கடன் வாங்கிவிட்டதாக இந்தி நடிகர் ராஜ்குமார் ராவ் 2022 ஏப்ரலில் வெளிப்படையாகச் சொன்னார். நாம் கொடுக்கும் ஆதார் ஜெராக்ஸும் போட்டோவும் எத்தனை கை மாறுகிறது என்று யாருக்குத் தெரியும்?

சட்டம் என்ன சொல்கிறது?

குற்றம் நடந்த நாளில் ஒருவர் வேறு ஊரில் இருந்தார் என்பது வழக்குக்குத் தேவையான செய்திதான் என்று 1872-ம் வருட சாட்சியச் சட்டமே சொன்னது. அதில் கொடுத்த உதாரணம் கல்கத்தாவும் லாகூரும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்தில் அதே உதாரணம் சென்னை, லடாக் என்று மாறியிருக்கிறது. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. "நான் அங்கே இல்லை" என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும்.

எவை ஆதாரம்?

முதல் ஆதாரம் பாஸ்போர்ட். நம் விமான நிலையத்தில் போகும்போது ஒரு முத்திரை, வரும்போது ஒரு முத்திரை குத்துகிறார்கள். இரண்டும் வேண்டும். போன முத்திரை மட்டும் இருந்தால், நடுவில் லீவில் வந்து போனீர்களா என்று கேட்பார்கள். கடன் தேதி அந்த லீவு நாட்களுக்குள் விழுகிறதா என்று நீங்களே முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாஸ்போர்ட் புதுப்பித்தால் பழையதைத் தூக்கிப் போடாதீர்கள். முத்திரைகள் எல்லாம் அதில்தான் இருக்கும்.

சில வெளிநாட்டு விமான நிலையங்களில் இப்போது முத்திரை இல்லாமலே உள்ளே விடுகிறார்கள். அதனால் டிக்கெட், விசா, அந்த நாட்டு அடையாள அட்டை, வேலை ஒப்பந்தம், சம்பளம் அனுப்பிய ரசீது எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வையுங்கள். துபாய் போன்ற இடங்களில் வந்து போன விவரத்தை அங்குள்ள குடியேற்றத் துறையிடம் சான்றாகவே வாங்கலாம்.

இது மட்டும் போதுமா?

போதாது. இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். கடன் பத்திரத்தில் நேரில் வந்து கையெழுத்துப் போட்டதாக இருந்தால், பாஸ்போர்ட் அதை உடைத்துவிடும். செல்போனில் ஓ.டி.பி. வைத்து வாங்கிய கடன் என்றால், வெளிநாட்டிலிருந்தும் வாங்கியிருக்கலாமே என்பார்கள். அப்போது அந்த போன் நம்பர் யாருடையது, பணம் யார் கணக்கில் விழுந்தது என்று காட்ட வேண்டும். ஆகவே முதல் வேலை, கடன் விண்ணப்பம், கையெழுத்து, போட்டோ, பணம் போன கணக்கு இவற்றின் நகலை வங்கியிடம் எழுத்தில் கேட்பது.

எங்கே போவது?

1. கடன் கொடுத்த வங்கிக்கு மனு. பாஸ்போர்ட் நகல் இணைத்து, மனு பெற்றதற்கு முத்திரையோடு ரசீது வாங்குங்கள்.

2. காவல் நிலையத்தில் புகார். சி.எஸ்.ஆர். ரசீது இல்லாமல் திரும்பாதீர்கள். இணைய வழி மோசடி என்றால் 1930-க்கு போன் செய்யலாம்.

3. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், க்ரிஃப் ஹைமார்க் என்ற நான்கு நிறுவனங்களும் நம் கடன் கணக்கை வைத்திருக்கின்றன. ஒவ்வொன்றிலும் வருடத்துக்கு ஒருமுறை அறிக்கை இலவசம். தப்பு இருந்தால் எழுதுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால், அதற்கு மேல் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்ற விதி 2024 ஏப்ரல் முதல் இருக்கிறது.

4. வங்கி 30 நாளில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை. விவரம் கேட்க 14448.

5. வக்கீல் வைக்க வசதி இல்லையா? பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100-க்கு போன் செய்யுங்கள்.

இன்னொன்று. ஓர் உறுப்பினர் வங்கிக்குப் பாக்கி என்பதற்காக, ஒழுங்காகக் கட்டும் குழுவுக்கே சாதாரணமாகக் கடனை மறுக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதல். ஆனால் அந்தக் கடனில் பாக்கிதாரருக்குப் பங்கு கொடுக்க முடியாது. அதனால் அந்த அக்காவை "உன்னாலதான் எல்லாம்" என்று ஏசாதீர்கள். கூடவே வங்கிக்குப் போங்கள்.

நம் நோட்டு என்ன சொல்லும்?

இப்போது நம்மையே நாம் கேட்டுக்கொள்வோம். கூட்டத்துக்கு வராதவருக்கு "பாவம், நானே போட்டுடறேன்" என்று வருகைப் பதிவில் கையெழுத்துப் போடும் பழக்கம் நம்மிடம் இல்லையா? அந்த அக்கா குவைத்தில் இருந்த மாதத்தில் நம் தீர்மான நோட்டில் அவர் கையெழுத்து இருந்தால் என்ன ஆகும்? பாஸ்போர்ட் ஒன்று சொல்லும், நோட்டு வேறொன்று சொல்லும். நம் அன்பே அவருக்கு எதிர்சாட்சி ஆகிவிடும்.

ஆகவே உறுப்பினர் யாராவது வெளிநாடு போனால், போகும் தேதியை அன்றைய கூட்டத்திலேயே தீர்மானமாக எழுதுங்கள். வராதவருக்கு நேரே "வரவில்லை" என்று எழுதுங்கள். அவர் பெயரில் கடன் கேட்காதீர்கள். சேமிப்பை வீட்டார் கட்டினால், கட்டியவர் பெயரை எழுதுங்கள். ஒழுங்காக எழுதிய நோட்டு, நாளைக்கு அந்த அக்காவின் இரண்டாவது பாஸ்போர்ட்.

அடுத்த கூட்டத்தில் இதை ஒருவர் சத்தமாகப் படியுங்கள். படித்து முடித்த கையோடு போன மாத வருகைப் பக்கத்தையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.