7 கண்டம், 7 சிகரம், 172 நாள்... தனியாக மலையேறிய மஸ்தான் பாபுவை குன்னூர் இளைஞர்கள் ஏன் தெரிஞ்சுக்கணும்?

வார இறுதி வந்தாலே குன்னூரில் லேம்ப்ஸ் ராக், பக்காசூரன் மலைனு பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் இளைஞர்கள் அதிகம். தனியாகப் போவதும் இப்போ ஒரு ட்ரெண்ட். இவர்களில் பலர் மல்லி மஸ்தான் பாபு என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். 40 வயதில் ஆண்டிஸ் மலையில் உயிரிழந்தவர் அவர். உலகின் மறுகோடியில் நடந்த அந்தச் சம்பவத்தில் நம்ம ஊருக்கும் ஒரு பாடம் இருக்கிறது.

யார் இந்த மஸ்தான் பாபு?

ஆந்திர மாநிலம் நெல்லூர் மாவட்டத்தின் காந்தி ஜனசங்கம் என்ற சின்ன கிராமத்தில் 1974-ல் பிறந்தவர். கோருகொண்டா சைனிக் பள்ளியில் படித்தார். அதே பள்ளியின் முன்னாள் மாணவர் லெப்டினன்ட் உதய பாஸ்கர் ராவ், 1985-ல் எவரெஸ்ட் ஏறச் சென்ற ராணுவக் குழுவில் இருந்து உயிரிழந்தவர். அவருடைய நினைவுதான் மஸ்தான் பாபுவுக்குள் மலை ஆசையை விதைத்தது.

பிறகு காரக்பூர் ஐ.ஐ.டி., கொல்கத்தா ஐ.ஐ.எம். எனப் படித்தார். மென்பொருள் நிறுவனத்திலும் வேலை பார்த்தார். கை நிறைய சம்பளம் வாங்கிக்கொண்டு செட்டில் ஆகியிருக்கலாம். ஆனா மனசு மலையில்தான் இருந்தது.

என்ன சாதித்தார்?

ஒவ்வொரு கண்டத்திலும் மிக உயரமான சிகரத்தில் ஏறுவதை ‘செவன் சம்மிட்ஸ்’ என்பார்கள். 2006 ஜனவரி 19-ல் அண்டார்டிகாவின் வின்சனில் ஆரம்பித்தார். அடுத்து அகோன்காகுவா, கிளிமஞ்சாரோ, கோசியஸ்கோ, எவரெஸ்ட், எல்ப்ரஸ். ஜூலை 10-ல் அலாஸ்காவின் டெனாலியோடு முடித்தார். மொத்தம் 172 நாள். அப்போ அவருக்கு வயசு 31.

இதில் ஒரு சுவாரஸ்யம்: ஏழு சிகரங்களையும் வாரத்தின் ஏழு வெவ்வேறு கிழமைகளில் தொட்டிருக்கிறார். எவரெஸ்ட் ஞாயிறு, டெனாலி திங்கள்!

2015-ல் என்ன நடந்தது?

அர்ஜென்டினா - சிலி எல்லையில் இருக்கும் செர்ரோ ட்ரெஸ் க்ருசெஸ் சூர் சிகரத்துக்குத் தனியாக ஏறினார். உயரம் சுமார் 6,750 மீட்டர். நம்ம தொட்டபெட்டா 2,637 மீட்டர்தான்; அதைப்போல இரண்டரை மடங்கு. மார்ச் 24-க்குப் பிறகு அவரிடமிருந்து தகவல் இல்லை. அதே நாட்களில் பக்கத்து வடக்குச் சிலியில் பெருமழையும் வெள்ளமும் வேறு.

இங்கே குடும்பத்தினரும் நண்பர்களும் சும்மா இருக்கவில்லை. அவரை மீட்கச் சொல்லி ஃபேஸ்புக்கில் பக்கம் தொடங்கினார்கள். அரசிடம் முறையிட்டார்கள். அப்போதைய வெளியுறவு அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜ் நேரடியாகத் தலையிட்டார். இரு நாடுகளின் பக்கமிருந்தும் தேடுதல் நடந்தது. ஏப்ரல் 3-ம் தேதி கிடைத்தது அவரது உடல்தான். அது சொந்த ஊர் வந்து சேர மேலும் மூன்று வாரம் ஆனது. ஏப்ரல் 25-ல் காந்தி ஜனசங்கத்தில் இறுதிச்சடங்கு நடந்தது.

‘பிடித்ததைச் செய்யும்போதே போய்ச் சேர்ந்தார்’ என்று சொல்வது சுலபம். தகவல் வராத அந்தப் பத்து நாளும் வீட்டில் இருந்தவர்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள்? ஒருவர் தனியாகத்தான் மலை ஏறினார். அவரைத் தேட எத்தனை பேர் வேண்டியிருந்தது! இத்தனைக்கும் அவர் எந்த மலையில் இருக்கிறார் என்பது தெரியும். அதுவும் தெரியாமல் இருந்திருந்தால் தேடலை எங்கிருந்து தொடங்குவது?

நீலகிரியில் கவனிக்க வேண்டியவை

* நம்ம மலையில் உயரம் பெரிய பிரச்னை இல்லை. திடீரென இறங்கும் மூடுபனி, காட்டுமாடு, கரடி, சிக்னல் இல்லாத பள்ளத்தாக்கு... இவைதான் சிக்கல்.

* வனப்பகுதிக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். 2018 மார்ச்சில் தேனி குரங்கணி காட்டுத்தீயில் 20-க்கும் மேற்பட்டோர் பலியான பிறகு தமிழக அரசு மலையேற்ற விதிகளைக் கொண்டுவந்தது.

* 2024 அக்டோபரில் வனத்துறை தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 40 பாதைகள் இருக்கின்றன. நீலகிரி பாதைகளும் உண்டு. ஆன்லைனில் பதிவு செய்தால் உள்ளூர் வழிகாட்டி கூடவே வருவார்.

* கிளம்பும் முன் நாலே விஷயத்தை வீட்டுக்கு எழுதி அனுப்புங்க: எந்தப் பாதை, யார் கூட, எத்தனை மணிக்குத் திரும்புவேன், எத்தனை மணிக்கு மேல் தகவல் இல்லையென்றால் 112-க்கு அழைக்கணும்.

"எங்கப்பா போற?" என்று அம்மா கேட்டால் "சும்மா இங்கதாம்மா" என்று நழுவ வேண்டாம். போற இடத்தோட பெயரைச் சொல்லிட்டுப் போங்க.