சினிசிசமும் தன்னொழுக்கமும்: கலந்துரையாடலுக்கு முன் தெளிய வேண்டிய சொற்கள்

மொழிபெயர்ப்பியல் வகுப்புகளில் சினிசிசமும் தன்னொழுக்கமும் என்னும் பொருள் கலந்துரையாடலுக்கு வைக்கப்படுமானால், பேச்சு தொடங்கிய சிறிது நேரத்திலேயே தடம் மாறிவிடக்கூடும். இன்றைய ஆங்கில வழக்கில் சினிக் என்பவர் பிறர் நன்னோக்கத்தை நம்பாதவர். எச்செயலிலும் தன்னலத்தையே காண்பவர். இப்பொருளை மட்டும் அறிந்த மாணாக்கர், அத்தகையவருக்கும் தன்னொழுக்கத்திற்கும் என்ன உறவு என்று வியப்பர். பண்டைக் கிரேக்கத்திலோ சினிக் என்பவர் கடும் பயிற்சியால் தம்மைத் தாமே வென்றவர். முதற்பொருளில் முரணாகத் தோன்றும் தலைப்பு, இரண்டாம் பொருளில் கூறியது கூறலாக முடிகிறது. எனவே கருத்துகளைத் திரட்டித் தருவதற்கு முன் சொற்களைப் பிரித்துக் காட்டுவதே ஆசிரியரின் முதற்பணியாகும்.

கிரேக்கத்தில் ‘குயோன்’ என்பது நாய். ‘குனிகோஸ்’ என்பது நாய் போன்ற என்னும் பொருளுடைய பெயரடை. வெட்கமின்றித் தெருவில் வாழ்ந்தமையால் இப்பெயர் வந்தது என்பர்; ஆன்டிஸ்தெனிஸ் கற்பித்த குனோசார்கெஸ் என்னும் உடற்பயிற்சிக் கூடத்தின் பெயரால் அமைந்தது என்பாரும் உளர். ஜெர்மன் மொழி பண்டை நெறியைக் ‘கூனிஸ்முஸ்’ என்றும், இன்றைய மனப்பான்மையைச் ‘ட்சூனிஸ்முஸ்’ என்றும் வேறுபடுத்த வல்லது. பீட்டர் ஸ்லோட்டர்டைக் 1983இல் வெளியிட்ட நூலின் வாதம் இவ்வேறுபாட்டின் மேல் எழுப்பப்பட்டதேயாகும். ஆங்கிலம் பண்டைப் பொருளுக்குப் பெரிய எழுத்தைப் பயன்படுத்தி ஒருவாறு சமாளிக்கிறது. தமிழ் எழுத்தில் அவ்வசதியும் இல்லை. ஆதலின் பண்டையதைச் ‘சினிக் நெறி’ எனக் கடன்சொல்லாகவே வைத்து, இன்றையதற்குத் தமிழ்ச்சொல் காண்பது தக்கது. ‘அவநம்பிக்கை’ என்பதில் இகழ்ச்சி இல்லை. ‘எள்ளல்’ என்பதில் நம்பாமை இல்லை. ‘ஐயவாதம்’ முற்றிலும் வேறொரு தத்துவத்திற்கு உரியது. ‘இகழ்நோக்கு’ என்பது ஓரளவு பொருந்தும்.

இதனினும் அரிய சிக்கல் தன்னொழுக்கம் என்னும் சொல்லில் உள்ளது. கி.மு. 4ஆம் நூற்றாண்டினரான சினோப் நகரத்து டயோஜெனிஸைப் பற்றிய செய்திகளுள் பெரும்பகுதி, டயோஜெனிஸ் லாயர்ட்டியஸ் எழுதிய தத்துவ அறிஞர் வரலாற்றின் ஆறாம் நூலில் கிடைக்கிறது. (இருவர் பெயரும் ஒன்றாயிருப்பதை மாணாக்கருக்கு முதலிலேயே சொல்லிவிடுவது நன்று.) கோடையில் சுடுமணலில் புரண்டதும், குளிரில் பனி மூடிய சிலைகளைத் தழுவியதும், கையால் நீர் அள்ளிக் குடித்த சிறுவனைக் கண்டு தம் குவளையை எறிந்ததும் அந்நூல் கூறும் செய்திகள். சிலையொன்றினிடம் இரந்து நின்றவரைக் காரணம் கேட்டபோது, மறுக்கப்படுவதற்குப் பழகிக்கொள்வதாக விடையிறுத்தார் என்றும் அது கூறுகிறது. இவை அனைத்திற்கும் உரிய கிரேக்கச் சொல் ‘அஸ்கேசிஸ்’. விளையாட்டு வீரரின் உடற்பயிற்சியைக் குறித்த சொல் அது.

இதனைத் ‘தவம்’ எனப் பெயர்த்தால் காடும் வரமும் மறுமையும் உடன்வந்து நிற்கும். ‘அடக்கம்’ என்றால் பணிவு வந்துவிடும். டயோஜெனிஸிடம் பணிவைத் தேடுவது வீண். ‘ஒழுக்கம்’ இவற்றினும் இடர் தருவது. திருக்குறளின் ஒழுக்கமுடைமை அதிகாரம் உலகத்தோடு இசைந்து நடத்தலை அறிவின் அடையாளமாகக் கொண்டு முடிகிறது. சந்தையில் அமர்ந்து உண்டு ஊரார் வழக்கை மீறியவருக்கு அச்சொல் எங்ஙனம் பொருந்தும்? பயில் என்னும் அடியிலிருந்து பிறந்த ‘பயிற்சி’, சமயச் சார்பும் சமூக ஒப்புதலும் ஏற்காமல் மீண்டும் மீண்டும் செய்தலை மட்டும் உணர்த்துவதால், ‘தற்பயிற்சி’ என்பதே ஏற்புடையது. சினிக் நெறியினரைச் சித்தர்களோடு உடனே ஒப்பிடும் ஆவலையும் சற்றுத் தள்ளிவைப்பது நலம். ஒப்பீடு சொல் தெளிந்த பின்னரே பயன் தரும்.

மொழிபெயர்ப்போருக்குச் சுவையான மற்றோர் இடம் நாணயம் பற்றியது. நாணயத்தைச் சிதைத்த வழக்கொன்றால் டயோஜெனிஸ் சினோப்பை நீங்கினார் என்பது மரபு. பின்னர் அத்தொடரே அவரது நெறியின் முழக்கமாயிற்று. நாணயத்தைக் குறிக்கும் ‘நோமிஸ்மா’, வழக்கத்தையும் சட்டத்தையும் குறிக்கும் ‘நோமோஸ்’ என்பதோடு உறவுடையது; ஆகவே நாணய முத்திரையை அழித்தல், செல்லாத ஊர்வழக்கை அழித்தலாகவும் பொருள்பட்டது. தமிழிலும் ‘நாணயம்’ இருபொருட்சொல்லே. ஆனால் அதன் இரண்டாம் பொருள் நேர்மை. ‘நாணயத்தைச் சிதைத்தவர்’ என எழுதினால், உண்மைக்காக ஊரை எதிர்த்தவர் நேர்மையற்றவராகிவிடுவார். இங்குச் சிலேடை கிடைக்கிறதே என்று மகிழும் மொழிபெயர்ப்பாளர் வழுக்கி விழுவது உறுதி. ‘காசின் முத்திரையை அழித்தல்’ என நேர்படப் பெயர்த்து, ‘செல்லுபடியாகும் வழக்கு’ என்னும் தொடரை அடுத்த வரியில் அமைப்பது ஒரு வழி.

வகுப்பிற்கு முந்திய நாளில் மேற்கண்ட செய்திகளைச் சினிக் என்னும் சொல்லின்றியே மாணாக்கருக்குக் கொடுத்து, அவற்றில் காணும் பண்பிற்குத் தமிழ்ப்பெயர் எழுதிவரச் செய்யலாம். வரும் பெயர்களின் வேறுபாடே விவாதத்தின் தொடக்கமாகும். இறுதியில் ஸ்ட்ராபோவின் நிலநூல் கூறும் ஒரு செய்தியையும் சேர்க்கலாம். டயோஜெனிஸின் வழியினரான ஒனெசிகிரிட்டஸ், கி.மு. 326இல் அலெக்சாந்தருடன் தட்சசீலம் வந்து அங்கிருந்த ஆடையற்ற துறவியரைக் கண்டார். அவர்களுள் மந்தனிஸ் என்பவர், மூன்று மொழிபெயர்ப்பாளர் வழியாகத் தத்துவம் பேசுவது சேற்றினூடே தெளிநீர் வருமென எதிர்பார்ப்பதை ஒக்கும் என்னும் கருத்துப்படக் கூறினாராம். வகுப்பிலும் மூவரை வரிசையாக நிறுத்தி, சிலையிடம் இரந்த நிகழ்ச்சியை ஆங்கிலத்திலிருந்து இந்திக்கும், இந்தியிலிருந்து தெலுங்கிற்கும், அதிலிருந்து தமிழுக்கும் வாய்மொழியாகக் கொண்டுவரச் செய்யலாம். பழகுதல் என்று புறப்பட்டது மூன்றாமவர் வாயில் தவமாகிறதா, இரத்தலாகவே நின்றுவிடுகிறதா என்பதை மாணாக்கர் தாமே குறித்துக்கொள்வர்.