எதிர்ப்பாற்றலும் உணவுரிமையும்

2020இல் கொரோனா பரவியபோது தமிழ்நாடு அரசு கபசுரக் குடிநீர் வழங்கியது. அதன்பின் ‘எதிர்ப்பாற்றல்’ பொடியாகவும் மாத்திரையாகவும் விற்கும் சரக்காயிற்று. செங்கத்திலும் ஜவ்வாதுமலையிலும் உழைத்துண்ணும் மக்களுக்கு அது எங்கிருந்து வருகிறது என்பதை நாம் விளக்க வேண்டியுள்ளது.

வைரஸ் தானாகப் பெருக இயலாதது. கொரோனா வைரஸ் தன் கூர்முனைப் புரதத்தால் நமது செல்லின் மேலுள்ள ஏசிஇ2 ஏற்பியைப் பற்றி உள்நுழைகிறது. செல்லின் ரைபோசோம்களோ அதன் ஆர்என்ஏவைப் படித்து, வைரஸுக்கான புரதங்களைச் செய்யத் தொடங்குகின்றன. புதிய வைரஸ்கள் வெளியேறி அடுத்த செல்லைத் தாக்குகின்றன. அவற்றை மறிக்கும் எதிர்ப்பொருள்களும் புரதங்களே; உண்ணும் உணவிலிருந்தே உடல் அவற்றை ஆக்குகிறது. கடும் ஊட்டக்குறைவில் குழந்தையின் தைமஸ் சுரப்பி சுருங்கி, டி செல்கள் குறைகின்றன. தடுப்பூசி பயிற்றுவிப்பதும் இந்தச் செல்களைத்தான்.

ஆகவே இயற்கை வழி என்பது முட்டை, பருப்பு, முருங்கைக்கீரை, மலையாளிப் பழங்குடியினர் விளைவிக்கும் சாமை, போதிய உறக்கம். இரும்பும் துத்தநாகமும் நிறைந்த மாட்டிறைச்சியும்தான். அதை இழிவென்று ஒதுக்கியது சாதி, அறிவியலுக்கு அதில் பங்கில்லை.

தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21) தமிழ்நாட்டுப் பெண்களில் 53 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. ஊட்டச்சத்தை உயர்த்துவது அரசின் முதன்மைக் கடமை என்கிறது அரசமைப்பின் 47ஆம் உறுப்பு. 2013ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் அங்கன்வாடி உணவு உரிமையாகும். அது மறுக்கப்பட்டால் 8ஆம் பிரிவின்கீழ் உதவித்தொகை கோரலாம். மாவட்டக் குறைதீர் அலுவலரிடம் எழுத்துமூலம் முறையிட்டு ஒப்புகைச் சீட்டைக் கேட்டுப் பெறுங்கள்.