ஒரே ஆட்டத்தில் பத்து கோல்!
சுரங்கத்திலிருந்து வந்த ஜோ பெய்னின் கதை

1936-ம் வருஷம் ஏப்ரல் 13-ந் தேதி. ஈஸ்டர் பண்டிகைக்கு மறுநாள், திங்கட்கிழமை. லண்டனுக்கு வடக்கே முப்பது மைல் தூரத்தில் உள்ள லூட்டன் நகரத்து மைதானத்தில் கூட்டம் கூடியிருந்தது. உள்ளூர் கோஷ்டியான லூட்டன் டவுனுக்கும், பிரிஸ்டல் நகரத்திலிருந்து வந்திருந்த ரோவர்ஸ் கோஷ்டிக்கும் அன்று பந்தயம்.

லூட்டன் கோஷ்டிக்கு ஒரு சங்கடம். முன்வரிசையில் நடுநாயகமாக நின்று கோல் போட வேண்டிய ஆட்டக்காரர்கள் காயம் பட்டுக் கிடந்தார்கள். ஈஸ்டர் சமயத்தில் இது சகஜம். பெரிய வெள்ளி, சனி, திங்கள் என்று நாலு நாளில் மூன்று பந்தயம் ஆடுவது அந்தக் காலத்து வழக்கம். கால் என்ன, இரும்பா?

"யாரைப் போடுவது?" என்று யோசித்தவர்கள் கடைசியில் ஒரு மாற்று ஆட்டக்காரரைப் பிடித்தார்கள். அவர் பெயர் ஜோ பெய்ன். வயது 22. முதல் கோஷ்டியில் அதுவரை அவர் ஆடிய ஆட்டங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதிலும் அவருடைய இடம் ஹாப் பாக். அதாவது எதிரியைத் தடுத்துப் பந்தைப் பிடுங்கி முன்னே தள்ளிவிடுகிற வேலை. கோல் போடுவது மற்றவர்கள் பாடு. அன்று அவரைச் சென்டர் பார்வர்டாக நிறுத்தினார்கள். வேறு ஆள் இல்லாததால் கொடுத்த இடம்தான் அது.

ஆட்டம் தொடங்கி 23-வது நிமிஷத்தில் பெய்ன் முதல் கோலைப் போட்டார். இடைவேளைக்குள் மூன்று போட்டுவிட்டார். மூன்று கோல் போட்டாலே இங்கிலீஷ்காரர்கள் "ஹாட்ரிக்" என்று கொண்டாடுவார்கள். "ஹாட்" என்றால் தொப்பி. லூட்டனோ வைக்கோல் தொப்பி செய்வதற்குப் பெயர் போன ஊர். கோஷ்டிக்கே "தொப்பிக்காரர்கள்" என்றுதான் செல்லப் பெயர். ஆகவே ரசிகர்கள் திருப்தியோடு தேநீர் அருந்தியிருக்க வேண்டும்.

இடைவேளைக்குப் பிறகுதான் வேடிக்கை. பெய்ன் நாலாவது போட்டார். ஐந்து, ஆறு என்று வளர்ந்தது. காலால் உதைத்தார்; தலையால் முட்டினார். பந்து அவரைத் தேடி வந்தது என்று சொல்வதா, பந்து வருகிற இடத்தில் அவர் நின்றார் என்று சொல்வதா? இரண்டாவதுதான் பொருத்தம். பின்பாதியில் மாத்திரம் ஏழு கோல்! சக ஆட்டக்காரர்கள் இருவர் ஆளுக்கு ஒன்று போட்டார்கள். ரெபரி கடைசி விசில் ஊதியபோது லூட்டன் 12, பிரிஸ்டல் ரோவர்ஸ் பூஜ்யம். பன்னிரண்டில் பத்து ஜோ பெய்னுடையது.

இங்கிலாந்து லீக் பந்தயம் ஒன்றில் ஒரே ஆள் பத்து கோல் போட்டது அதற்கு முன் இல்லை. அதற்குப் பின்னும் இல்லை. ஏறத்தாழ 90 வருஷம் கழிந்தும் அந்தக் கணக்கை யாரும் தொடவில்லை.

நாலே மாதத்தில் போன புகழ்

இந்த இடத்தில் இன்னொரு மனிதரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பெய்னுக்கு முந்திய சாதனை ஒன்பது கோல். அதைச் செய்தவர் ட்ரான்மியர் ரோவர்ஸ் கோஷ்டியைச் சேர்ந்த ராபர்ட் பெல். "பன்னி", அதாவது முயல்குட்டி என்று அவரைச் செல்லமாக அழைப்பார்கள். 1935-ம் வருஷம் கிறிஸ்துமஸ் அன்று ஓல்டாம் கோஷ்டியிடம் 4-1 என்று உதை வாங்கிய ட்ரான்மியர், மறுநாளே அதே ஓல்டாமை 13-4 என்று துவைத்து எடுத்தது. அந்தப் பதின்மூன்றில் ஒன்பது பெல்லின் கைவரிசை, இல்லை, கால்வரிசை. அன்று அவர் ஒரு பெனால்டியைத் தவறவிட்டார்! அது மட்டும் உள்ளே போயிருந்தால் பெல்லுக்கும் கணக்கு பத்து.

பாவம், பெல் அந்தப் புகழை அனுபவித்தது நாலு மாதம்கூட இல்லை.

இத்தனை கோல் எப்படி விழுந்தது என்று வாசகர்கள் கேட்கலாம். அதற்குக் காரணம் உண்டு. 1925-ல் ஆப்சைடு விதியை மாற்றினார்கள். அதுவரை பந்து வாங்குகிறவனுக்கும் கோல் கம்பத்துக்கும் இடையே எதிர்க் கோஷ்டியார் மூன்று பேராவது இருக்க வேண்டும். அதை இரண்டு பேர் என்று குறைத்தார்கள். முன்வரிசைக்காரர்களுக்கு வழி திறந்துவிட்டது. நடுவில் ஒருவரைத் தடுப்பாகவே நிறுத்தி இதைச் சமாளிக்கக் கற்றுக்கொள்ளச் சில கோஷ்டிகளுக்கு வெகு காலம் பிடித்தது. காயம் பட்டவனுக்குப் பதிலாக ஆட்டத்தின் நடுவே வேறொருவனை இறக்கவும் அன்று அனுமதி கிடையாது. 1965-ல்தான் லீக்கில் அந்தச் சலுகை வந்தது.

எட்டுப் பவுன் பிழைப்பு

ஜோ பெய்ன் பிறந்தது டெர்பிஷயர் ஜில்லாவில், செஸ்டர்பீல்டு பக்கத்தில் உள்ள பிரிமிங்டன் காமன் என்ற சிற்றூர். வருஷம் 1914. சுற்றிலும் நிலக்கரிச் சுரங்கங்கள். அந்தப் பக்கத்துப் பையன்களுக்குப் பள்ளிக்கூடம் முடிந்தால் அடுத்த வாசல் சுரங்கந்தான். பெய்னும் சுரங்கத்துக்குப் போனார். போல்சோவர் சுரங்கத் தொழிலாளர் கோஷ்டியில் பந்தும் ஆடினார். 1934-ல் லூட்டன் டவுன் அவரைச் சேர்த்துக்கொண்டது. சேர்த்தவுடன் ஆட விடவில்லை. கை பழகட்டும் என்று பிகிள்ஸ்வேடு என்ற சின்ன ஊர்க் கோஷ்டிக்கு இரவல் கொடுத்தார்கள்.

லூட்டன் அப்போது ஆடியது மூன்றாவது டிவிஷன், தெற்குப் பிரிவு. மேலே முதல் டிவிஷனில் ஆர்சனல் போன்ற கொடிகட்டிப் பறந்த கோஷ்டிகள். அடியில் மூன்றாவது டிவிஷன். ரயில் செலவு கட்டாது என்பதற்காக அதை வடக்கு, தெற்கு என்று இரண்டாகப் பிரித்திருந்தார்கள். ஒவ்வொன்றிலும் 22 கோஷ்டி. ஒவ்வொன்றும் 42 ஆட்டம் ஆட வேண்டும். இத்தனை பாடுபட்டும் முதலாவதாக வருகிற ஒரே கோஷ்டிக்குத்தான் மேலே ஏற வழி. இரண்டாவதாக வந்தவனும் இருபதாவதாக வந்தவனும் அடுத்த வருஷமும் அங்கேதான். 1935-36-ல் லூட்டனின் கதி அதுவே. பத்து கோல் பெய்ன் இருந்தும், ஒரே ஒரு புள்ளியில் கவென்ட்ரி முந்திக்கொண்டது.

சம்பளமோ சட்டம் போட்டு வைத்த சம்பளம். எவ்வளவு பெரிய சூரனானாலும் பருவகாலத்தில் வாரத்துக்கு 8 பவுன், கோடையில் 6 பவுன். அதற்கு மேல் கொடுக்கக் கூடாது என்பது லீக்கின் விதி. அதுதான் உச்ச வரம்பு. கீழ் டிவிஷனில் மாற்று ஆட்டக்காரனாக உட்கார்ந்திருப்பவனுக்கு அதுவும் முழுதாகக் கிடைக்காது. ஒப்பந்தம் ஒரு வருஷத்துக்கு. பருவம் முடிகிற தறுவாயில் யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்று ஒரு ஜாபிதா தயாராகும். வேண்டியவனை விட மாட்டார்கள். அவன் விரும்பினாலும் வேறு கிளப்புக்குப் போக முடியாது. வேண்டாதவனுக்குப் பழைய தொழில்தான் கதி. பெய்னுக்குப் பழைய தொழில் சுரங்கம். ஏப்ரல் மாதத்தில் கிடைத்த அந்த இரவல் இடம் அவருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை இதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம். ஊதிய உச்ச வரம்பு ஒழிந்தது 1961-ல். அப்போது பெய்ன் ஆடுவதை விட்டு வெகு காலமாகியிருந்தது.

குருட்டு அதிர்ஷ்டமா?

அன்றைய பத்து கோலையும் குருட்டு அதிர்ஷ்டம் என்று சொன்னவர்கள் இருந்திருப்பார்கள். அடுத்த பருவத்தில் அவர்கள் வாயடைத்துப் போயிருக்க வேண்டும். 1936-37-ல் பெய்ன் லீக் பந்தயங்களில் 55 கோல் போட்டார். லூட்டன் முதல் ஸ்தானம் பெற்று இரண்டாவது டிவிஷனுக்கு ஏறியது. விந்தை என்னவென்றால், அதே வருஷம் வடக்குப் பிரிவில் மான்ஸ்பீல்டு கோஷ்டியின் டெட் ஹார்ஸ்டனும் சரியாக 55 போட்டார். ஹார்ஸ்டனை இன்று எத்தனை பேர் நினைக்கிறார்கள்? ஒரே நாளில் பத்து போட்டவரைத்தான் ஜனங்கள் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். 55 அல்லவா பெரிய காரியம்!

1937 மே மாதம் தேசக் கோஷ்டியிலிருந்து அழைப்பு வந்தது. பின்லாந்தின் தலைநகரான ஹெல்சின்கியில் 20-ந் தேதி பந்தயம். இங்கிலாந்து 8-0 என்று ஜயித்தது. அதில் பெய்ன் போட்டது இரண்டு.

1938 மார்ச்சில் லண்டனின் செல்ஸீ கிளப் அவரை விலைக்கு வாங்கியது. மூன்றாவது டிவிஷனில் தொடங்கிய ஆள் முதல் டிவிஷனுக்குப் போனார். லூட்டனில் அவர் விட்டுச் சென்ற கணக்கு: 72 லீக் ஆட்டம், 83 கோல். ஆட்டத்துக்கு ஒன்றுக்கு மேல்!

செல்ஸீயிலும் கோல்கள் தொடர்ந்தன. ஆனால் 1939 செப்டம்பரில் யுத்தம் வந்தது. பருவம் தொடங்கி மூன்றே ஆட்டத்தில் லீக் நின்றது. பெய்னுக்கு அப்போது 25 வயது. ஒரு முன்வரிசைக்காரனுக்கு அதைவிட நல்ல வயது எது? யுத்த காலத்திலும் ஜனங்களின் மனத் தெம்புக்காகப் பந்தயங்கள் நடந்தன. பெய்ன் அவற்றில் கோல்களைக் குவித்தார். அவை உத்தியோகபூர்வமான லீக் கணக்கில் சேரவில்லை. 1944 ஏப்ரலில் வெம்பிளி மைதானத்தில் யுத்த காலக் கோப்பையின் தெற்குப் பிரிவு இறுதி ஆட்டம். செல்ஸீக்கு முதல் கோலைப் பெனால்டியில் போட்டவர் பெய்ன். பிறகு சார்ல்டன் மூன்று போட்டுக் கோப்பையைக் கொண்டு போயிற்று. அதை வழங்கியவர் தளபதி ஐசன்ஹோவர். அதிலிருந்து இரண்டே மாதத்தில் அவருடைய சேனை பிரெஞ்சுக் கரையில் இறங்கியது.

யுத்தம் முடிந்து 1946-ல் லீக் மறுபடியும் தொடங்கியபோது பெய்னுக்கு 32 வயது. காயங்கள் விடவில்லை. வெஸ்ட் ஹாம் கிளப்புக்கு மாறிப் பத்து லீக் ஆட்டம் ஆடினார். ஆறு கோல் போட்டார். கால் அதற்கு மேல் இடம் கொடுக்கவில்லை. 1970-களில் அவர் காலமானார்.

பிரிஸ்டல் ரோவர்ஸை அடித்த அந்தக் கெனில்வொர்த் ரோடு மைதானம் சின்னது. ஒரு பக்கத்து நுழைவாயில், வரிசை வீடுகளின் மாடிக்கு அடியில் புகுந்து போகும். 2023-ல் லூட்டன் டவுன் இங்கிலாந்தின் தலைசிறந்த டிவிஷனுக்கு ஏறியபோது, உலகத்துப் பணக்காரக் கோஷ்டிகளெல்லாம் அந்த இடுக்கு வழியை வந்து பார்த்தன. ஒரே வருஷத்தில் லூட்டன் கீழே இறங்கியது. 2025-ல் இன்னும் ஒரு படி இறங்கியது. பெய்ன் தொடங்கிய மூன்றாவது படிக்கே மறுபடியும் வந்து சேர்ந்தது.

ஹெல்சின்கி ஆட்டத்துக்குப் பிறகு தேசக் கோஷ்டி அவரை அழைக்கவேயில்லை. இங்கிலாந்துக் கோஷ்டியின் பதிவேட்டில் ஜோ பெய்ன் என்ற பெயருக்கு எதிரே ஆட்டம் 1, கோல் 2 என்று இருக்கிறது.