சொகுசுப் படகுகளிலிருந்து விடைபெறுகிறதா பர்மா தேக்கு? ஆம்ஸ்டர்டாம் கண்காட்சி சொல்லும் கதை

செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்தவர்களுக்கு 'பர்மா தேக்கு' என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. நூறு வருஷத்துக்கு முன்னால் நிறுத்திய தூண் இன்னைக்கும் அசையாமல் நிற்கும். உலகின் பெரும் பணக்காரர்களுக்கும் இதே மரத்தின் மீதுதான் கண். அவர்களுடைய சொகுசுப் படகுகளின் மேல்தளம் பல பத்தாண்டுகளாக பர்மா தேக்கில்தான் போடப்பட்டு வந்தது.

இப்போது அந்த மரத்துக்கு மாற்று தேடுகிறது படகுத் தொழில். அந்தத் தேடல் கண்கூடாகத் தெரியும் இடம், நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரில் ஒவ்வொரு நவம்பரிலும் நடக்கும் 'மெட்ஸ்ட்ரேட்' கண்காட்சி.

படகே இல்லாத படகுக் கண்காட்சியா?

கிட்டத்தட்ட அப்படித்தான். படகு வாங்க வருபவர்களுக்கு மொனாக்கோ இருக்கிறது. செப்டம்பரில் அங்கே ஹெர்குலிஸ் துறைமுகத்தில் நூறுக்கும் மேற்பட்ட சொகுசுப் படகுகள் வரிசைகட்டி நிற்கும். ஆம்ஸ்டர்டாம் கதையே வேற. இங்கே விற்பது படகுக்குள் போகும் சாமான்கள்.

நங்கூரச் சங்கிலி, இன்ஜின், ரேடார், கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரம், அலையில் படகு ஆடாமல் பிடித்துக்கொள்ளும் ஸ்டெபிலைசர், பெயின்ட், கதவுக் கைப்பிடி என்று எல்லாவற்றுக்கும் ஸ்டால் உண்டு. 1988இல் தொடங்கிய இந்தக் கண்காட்சி, ராய் வளாகத்தில் மூன்று நாள் நடக்கும். 1,500க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் கடை விரிக்கின்றன. 24 மீட்டருக்கு மேல் நீளமுள்ள 'சூப்பர் யாட்' வகைப் படகுகளின் சாமான்களுக்குத் தனி அரங்கே இருக்கிறது.

யார் போகலாம்?

சும்மா வேடிக்கை பார்க்கப் போக முடியாது; தொழிலில் இருப்பவர்களுக்கு மட்டுமே அனுமதி. கட்டும் தளங்களின் கொள்முதல் அதிகாரிகள், படகு வடிவமைப்பாளர்கள், கேப்டன்கள், இன்ஜினீயர்கள், பழைய படகைப் புதுப்பித்துத் தரும் பட்டறைக்காரர்கள்தான் வாடிக்கையாளர்கள்.

பெரிய படகு ஒன்றைக் கட்டி முடிக்கச் சில வருஷங்கள் ஆகும். கட்டிய பிறகும் செலவு நிற்காது. படகு விலையில் பத்தில் ஒரு பங்கு ஒவ்வொரு வருஷமும் பராமரிப்புக்கும் பணியாளர்களுக்கும் போய்விடும் என்பது இத்தொழிலில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அதனால், எந்தப் பொருள் படகுக்குள் போகும், எது போகாது என்பதை முதலாளியைவிட இங்கே வந்துபோகிறவர்கள்தான் அதிகம் தீர்மானிக்கிறார்கள். மேல்தளத்து மரமும் அப்படித்தான்.

ஏன் தேக்கு?

தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு. உப்புத் தண்ணீரில் கிடந்தாலும் சுலபத்தில் உளுத்துப் போகாது. ஈரமாக இருந்தாலும் கால் வழுக்காது. மியான்மரின் இயற்கைக் காடுகளில் மெதுவாக வளர்ந்த மரத்தில் கணு குறைவு. நீளமான, நேரான பலகை கிடைக்கும். தோட்டத்தில் வளர்த்து இளசாக வெட்டும் தேக்கில் அந்த அளவுக்குக் கிடைப்பதில்லை.

சிக்கல் எங்கே வந்தது?

2013இல் ஐரோப்பிய ஒன்றியம் ஒரு சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. மரம் சட்டப்படி வெட்டப்பட்டதுதானா என்று பார்க்க வேண்டியது இறக்குமதி செய்பவரின் பொறுப்பு என்றது அந்தச் சட்டம். 2014இல் மியான்மர் அரசே வெட்டிய மரத்தை அப்படியே ஏற்றுமதி செய்யத் தடை விதித்தது.

பெரிய அடி 2021இல் விழுந்தது. பிப்ரவரியில் மியான்மரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அங்கே தேக்கு வியாபாரம் அரசின் மர நிறுவனத்தின் கையில் இருக்கிறது. மரம் விற்ற காசு ராணுவத்துக்குப் போகிறது என்று சொல்லி, ஏப்ரலில் அமெரிக்காவும் ஜூனில் ஐரோப்பிய ஒன்றியமும் அந்த நிறுவனத்தின் மீது தடை விதித்தன.

சட்டம் ஏட்டளவில் நிற்கவில்லை. பிரிட்டனின் பிரபல சன்சீக்கர் நிறுவனம், மியான்மர் தேக்கு உள்ளிட்ட மரங்களை உரிய சோதனை இல்லாமல் இறக்குமதி செய்ததாக 2024இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. அபராதமும் மற்ற தொகைகளும் சேர்த்து சுமார் 3.6 லட்சம் பவுண்டு கட்ட வேண்டியதாயிற்று. கோடிகளில் படகு விற்கும் நிறுவனத்துக்கு இது பெரிய காசு இல்லைதான். ஆனால், 'மரம் எங்கே வாங்கினீங்க?' என்று நீதிமன்றம் கேட்கும் என்பது எல்லாருக்கும் புரிந்துவிட்டது.

மாற்று என்ன?

தேக்கு மாதிரியே கோடு போட்ட பிளாஸ்டிக் தளம், தக்கைத் தளம், தோட்டத் தேக்கை ஒட்டிச் செய்த பலகை, வேறு மரத்தைப் பதப்படுத்திக் கெட்டியாக்கிய பலகை என்று பல வகைகள் சந்தைக்கு வந்துவிட்டன. ஜெர்மனியின் லூர்ஸென் படகு நிறுவனம், கோட்டிங்கன் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து 'டெசுமோ' என்ற மாற்றுப் பலகையையே உருவாக்கியிருக்கிறது.

எல்லாவற்றிலும் ஏதோ ஒரு குறை இருக்கத்தான் செய்கிறது. பிளாஸ்டிக் தளம் வெயிலில் சுடும்; சொகுசுப் படகில் வெறுங்காலோடு நடப்பதுதான் வழக்கம். சில முதலாளிகளோ 'அசல் தேக்குதான் வேணும்' என்று அடம்பிடிக்கிறார்கள்.

நமக்கு என்ன சம்பந்தம்?

மியான்மர் தேக்கை அதிகம் வாங்கும் நாடுகளில் இந்தியாவும் ஒன்று. ஐரோப்பாவில் உள்ளது போன்ற தடை இங்கே இல்லை. 'அசல் பர்மா தேக்கு' என்பது நம்ம ஊரில் இன்னமும் பெருமைக்குரிய விஷயம். நிலைக்கும் கதவுக்கும் மரம் வாங்கப் போகும்போது கன அடி என்ன விலை என்றுதான் கேட்கிறோம். எந்தக் காட்டில், யார் வெட்டியது என்று கேட்பதில்லை. படகுக்காரர்களும் முன்பு கேட்டதில்லை. சட்டம் வந்த பிறகுதான் கேட்க ஆரம்பித்தார்கள்.