மெமரி கார்டு ‘ஃபார்மேட்’ பண்ணச் சொல்லுதா? ஓகே கொடுக்கும் முன் இதைக் கவனிங்க!

நேற்று வரை நன்றாக வேலை செய்த மெமரி கார்டு, இன்று திடீரென ‘எஸ்டி கார்டு பழுதாகியுள்ளது, ஃபார்மேட் செய்யவும்’ என்கிறதா? குழந்தையின் பிறந்தநாள் போட்டோ, கல்யாண வீடியோ எல்லாம் அதில்தான் இருக்கிறதா? பதற்றத்தில் ஓகே அழுத்திவிடாதீங்க. பெரும்பாலும் போட்டோக்கள் அழிந்திருக்காது.

என்னதான் ஆச்சு?

கார்டில் எந்தப் பகுதி எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்ற குறிப்பு ஒன்று இருக்கும். அதுதான் பார்ட்டிஷன் டேபிள். எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற பட்டியலும் தனியாக உண்டு. ஃபைல் காப்பி ஆகும்போது கார்டை உருவினாலோ, போன் பாதியில் அணைந்தாலோ இவை சிதையலாம். பட்டியல் போனதால் போனுக்கு வழி தெரியவில்லை, அவ்வளவுதான்.

முதலில் செய்ய வேண்டியது

போனை அணைத்து கார்டை வெளியே எடுங்க. உலர்ந்த மென்மையான துணியால் துடைத்து, கார்டு ரீடர் மூலம் கம்ப்யூட்டரில் போட்டுப் பாருங்க. அங்கே திறந்தால் சிக்கல் போனில் இருக்கலாம். உடனே எல்லாவற்றையும் காப்பி எடுத்துவிடுங்கள்.

கம்ப்யூட்டரும் ஃபார்மேட் கேட்டால் ‘கேன்சல்’ கொடுங்க. காணாமல் போன பார்ட்டிஷனைத் தேட ‘டெஸ்ட்டிஸ்க்’, போட்டோக்களை மீட்க ‘ஃபோட்டோரெக்’ என்ற இலவச மென்பொருள்கள் உள்ளன. மீட்டதை அதே கார்டில் சேமிக்கக் கூடாது. பழைய போட்டோ மீது புதியது எழுதப்பட்டால் பிறகு மீட்கவே முடியாது. கடையில் கொடுப்பதாக இருந்தால், ‘டேட்டா வேணும்’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இன்டர்னல் ஸ்டோரேஜாக மாற்றினீங்களா?

2015-ல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், சில போன்களில் கார்டை போனின் சொந்த மெமரி போலவே பயன்படுத்தலாம். அப்படிச் செய்தால் கார்டு முழுவதும் பூட்டப்படும். சாவி அந்த போனில் மட்டுமே இருக்கும். வேறு எதில் போட்டாலும் திறக்காது. இந்த நிலையில் போனை ‘ஃபேக்டரி ரீசெட்’ செய்தால் சாவியும் போய்விடும், போட்டோவும் போய்விடும்.

64 ஜிபி கார்டு சில எம்பி மட்டும் காட்டுதா?

ராஸ்பெர்ரி பை போன்ற கருவியில் பயன்படுத்திய கார்டில் பல பார்ட்டிஷன்கள் இருக்கும். சிறியது மட்டும் கண்ணில் படும். தேவையானதை காப்பி எடுத்த பிறகு, விண்டோஸின் ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’ பகுதியில் அந்தக் கார்டின் பார்ட்டிஷன்களை நீக்கிவிட்டு, புதிதாக ஒன்றை உருவாக்கலாம். அளவைப் பார்த்து சரியான டிஸ்க்தானா என்று இருமுறை உறுதி செய்யுங்கள். தவறினால் கம்ப்யூட்டர் டேட்டா காலி! கடைசியாக, பயன்படுத்தப்போகும் போனிலேயே ஒருமுறை ஃபார்மேட் செய்வது நல்லது.

32 ஜிபி வரை ‘ஃபேட் 32’, அதற்கு மேல் ‘எக்ஸ்ஃபேட்’ என்பது வழக்கம். எக்ஸ்ஃபேட் தெரியாத பழைய போன்கள், நல்ல கார்டையும் பழுது என்றே சொல்லும். 32 ஜிபி கார்டு 29.8 என்று காட்டினால் அது பிழை இல்லை. கணக்கிடும் முறைதான் வேறு.

எப்போது தூக்கிப் போடணும்?

ஃபார்மேட் செய்த பிறகும் பழைய ஃபைல்கள் அப்படியே திரும்பி வந்தால், கார்டு ஆயுளை முடித்துக்கொண்டது என்று அர்த்தம். மலிவாக வாங்கிய கார்டில் புதிய ஃபைல்கள் மட்டும் கெட்டுப்போனால், அது போலியாக இருக்கலாம். அட்டையில் போட்ட அளவு உண்மைதானா என்பதை ‘எச்2டெஸ்ட்டபிள்யூ’ என்ற இலவச மென்பொருள் சோதித்துச் சொல்லும்.

கார்டை எடுக்கும் முன் செட்டிங்ஸில் ‘எஜெக்ட்’ கொடுக்க மறக்காதீங்க. முக்கியமான போட்டோக்களுக்கு இன்னொரு இடத்திலும் ஒரு காப்பி இருக்கட்டும்.