மெயிலிலும் போனிலும் வரும் மோசடிகள்: தப்பிப்பது எப்படி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, இன்டர்நெட் இணைப்பும் பெற்றுவிட்டீர்களா? வாழ்த்துக்கள். இனி நண்பர்களின் மெயில்களோடு மோசடிக்காரர்களின் மெயில்களும் உங்களைத் தேடி வரும். ராயகிரி போன்ற சிறிய ஊரில் இருக்கும் நம்மிடம் யார் வரப்போகிறார்கள் என்று எண்ண வேண்டாம். ஒரே மெயிலை லட்சக்கணக்கானோருக்கு அனுப்புபவருக்கு ஊர் ஒரு பொருட்டே இல்லை. நெல் விற்ற பணமும், மகள் கல்யாணத்திற்குப் போட்டு வைத்த டெபாசிட்டும் அவருக்கு ஒன்றுதான்.

பரிசு மெயில்

"உங்களுக்கு லாட்டரியில் பல கோடி விழுந்துள்ளது" என்று மெயில் வரும். பதில் போட்டால், வரி, கமிஷன் என்று முதலில் உங்களிடம் பணம் கேட்பார்கள். நைஜீரிய குற்றவியல் சட்டத்தின் 419ஆம் பிரிவை வைத்து இதை '419 மோசடி' என்பார்கள். வாங்காத சீட்டுக்குப் பரிசு விழாது. அழித்துவிடுங்கள்.

போலி பேங்க் மெயில்

"உங்கள் அக்கவுண்ட் முடக்கப்படும், உடனே இங்கே கிளிக் செய்யுங்கள்" என்று வரும் லிங்க்கின் மேல் மவுஸை வைத்துப் பாருங்கள், கிளிக் செய்யாதீர்கள். பிரவுசரின் கீழ்ப்பகுதியில் உண்மையான முகவரி தெரியும். எச்டிடிபிஎஸ் பகுதிக்கு அடுத்து வரும் முதல் சாய்கோட்டுக்கு முன்னால் முகவரி எப்படி முடிகிறது என்பதே முக்கியம். பேங்க்கின் பெயர் நடுவில் இருப்பதால் அது பேங்க் ஆகிவிடாது. ரிசர்வ் வங்கி 2025இல் பிறப்பித்த உத்தரவுப்படி, பேங்க் தளங்கள் 'டாட் பேங்க் டாட் இன்' என முடிய வேண்டும். முகவரியை நீங்களே டைப் செய்து செல்வதே நல்லது.

"பேங்க் மேனேஜர் பேசுறேன்"

கார்டு மேல் உள்ள 16 நம்பரைக் கேட்கும் இந்தக் குரல் தமிழ்நாட்டில் பிரபலம். பின் நம்பர், ஓடிபி ஆகியவற்றை எந்த பேங்க்கும் போனில் கேட்காது. யுபிஐயில் பணம் பெறுவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. பின் கேட்டால் உங்கள் பணம் வெளியே போகிறது என்று பொருள்.

உதவுவதாகச் சொல்லி எனிடெஸ்க் போன்ற புரோகிராமை நிறுவச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அதன் மூலம் உங்கள் திரையை அவர் இயக்க முடியும். 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி இது பற்றி எச்சரித்தது. வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே ஃபைல்களையும் திறக்காதீர்கள்.

டிஜிட்டல் அரெஸ்ட்

"உங்கள் பெயரில் போதைப்பொருள் பார்சல் பிடிபட்டுள்ளது" என்று போலீஸ் உடையில் ஒருவர் வீடியோ காலில் மிரட்டுவார். போனை வைக்காதே, வீட்டில் சொல்லாதே என்பார். சட்டத்தில் இப்படி ஒரு கைதே கிடையாது, 27.10.2024 அன்று மனதின் குரல் நிகழ்ச்சியில் பிரதமரும் இதையே சொன்னார். இணைப்பைத் துண்டித்துவிட்டு, முதல் வேலையாக வீட்டாரிடம் சொல்லுங்கள்.

பணம் போய்விட்டால்

1. இன்டர்நெட்டைத் துண்டியுங்கள்.
2. உடனே 1930 எண்ணுக்குப் போன் செய்யுங்கள். உங்கள் புகார் பணம் போய்ச் சேர்ந்த பேங்க்கிற்கு அனுப்பப்படும். அங்கே எடுக்கப்படாமல் இருந்தால் பணத்தை முடக்க முடியும். எனவே ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.
3. உங்கள் பேங்க்கில் சொல்லி கார்டையும் நெட் பேங்கிங்கையும் நிறுத்துங்கள்.
4. எஸ்எம்எஸ், மெயில், பரிமாற்ற எண் எதையும் அழிக்காதீர்கள். சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்தில் புகார் தர அவை தேவை.
5. வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள்.

ஏமாந்ததை வெளியே சொல்ல வெட்கப்பட்டு இரண்டு நாள் கழித்துப் புகார் தருபவர்கள் உண்டு. அதற்குள் பணம் பல அக்கவுண்ட்கள் மாறியிருக்கும். 1930 என்ற எண்ணை இன்றே எழுதி மானிட்டர் அருகே ஒட்டி வையுங்கள். வீட்டில் உள்ள பெரியவர்களுக்கும் சொல்லிக் கொடுங்கள்.